கழிவு கிணற்றுக்கு வந்து சேரும் வழி: நிலத்தடி நீரில் மாசு நகர்வதைக் கணக்கிடும் முறை

தோல் பதனிடும் ஆலைகள் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது: கழிவுக் குட்டையை ஒட்டியிருக்கும் கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆழ்துளைக் கிணற்றில் (போரில்) உப்புக் கரிக்கிறதே, எப்படி? தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது, கழிவிலுள்ள எந்தப் பொருள் தண்ணீரோடு கூடவே போகிறது, எது மண்ணில் ஒட்டிப் பின்தங்குகிறது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனது என்ற ஆய்வு விவரம் அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன என்ற விவரமும் இருக்கிறது. மீதி 117 கிணறுகள் அன்றைக்குத் தப்பியது ஏன், எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைக் கணக்கிட வேண்டுமென்றால் கீழே வரும் படிகள்தான் வழி. ஊராட்சி, விவசாயிகள் சங்கம், கல்லூரி மாணவர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எடுத்துக்காட்டுக்கு வைத்திருக்கும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் இடத்துக்கு நீங்கள் அளந்து போட வேண்டும்.

படி 1: கழிவில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

"தோல் கழிவு" என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் உப்பு தடவுகிறார்கள். ஆலையில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். ஊறல் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்குப் பல்லாயிரம் மில்லிகிராம் இருக்கும். வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு இந்த உப்பைத் தொடுவதில்லை. அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. முறை வேண்டும்.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டும் நிலத்துக்கு அடியில் நேரெதிராக நடந்துகொள்ளும். தோல் பதனிடப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மும்மதிப்புக் குரோமியம். பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6-ஐத் தாண்டினால் இது ஹைட்ராக்சைடாகப் படிந்து கசடிலும் மேல்மண்ணிலும் நின்றுவிடும், கிணறுவரை வருவது அரிது. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேட்டின் கதை வேறு. அது குரோமைட் தாதுவை வறுத்து டைகுரோமேட் எடுத்த மிச்சம், அதில் அறுமதிப்புக் குரோமியம் இருக்கிறது. அது எதிர்மின் அயனியாகக் கரைந்து மழைக்கு மழை கசிந்து தண்ணீரோடு நகரும். ஆய்வறிக்கையில் "மொத்தக் குரோமியம்" என்ற ஒரே எண் இருந்தால் அதை வைத்து நகர்வைக் கணிக்க முடியாது. அறுமதிப்பு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் படிந்து கிடக்கும் மும்மதிப்புக் குரோமியத்தில் ஒரு பகுதி மெல்ல மெல்ல அறுமதிப்பாக மாறும். காயவைத்த கசடை வயலோரம் கொட்டுவது ஆபத்தாவது இதனால்தான்.

படி 2: மேல்மண்ணைக் கடக்கும் காலம்

நீர்மட்டம் 5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், கழிவு முதலில் அந்த 5 மீட்டரைச் செங்குத்தாக இறங்கியாக வேண்டும். மழை மட்டும் இறக்கினால் கணக்கு எளிது. ஆண்டு மழை 950 மி.மீ., சிதைந்த நைஸ் என்ற வகைப் பாறை உள்ள பகுதியில் அதில் 10 சதவீதம் கீழே இறங்குகிறது என்றால் 95 மி.மீ. மண்ணின் ஈரம் கன அளவில் 15 சதவீதம் என்றால் 95-ஐ 0.15-ஆல் வகுங்கள். ஆண்டுக்கு சுமார் 63 செ.மீ. வருகிறது. 5 மீட்டருக்கு 8 ஆண்டுகள்.

தரை பூசாத குட்டையில் கழிவு தேங்கி நின்றால் இந்தக் கணக்கு செல்லாது. நிற்கும் நீரின் அழுத்தத்தில் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். அதைவிட மோசமான குறுக்குவழி, கைவிட்ட கிணறும் சரியாக அடைக்காத போரும்தான். நம் பக்கம் போர் போடும்போது கெட்டிப் பாறை தட்டும்வரை கேசிங் (உறைக் குழாய்) இறக்கி, சுற்றிலும் உள்ள இடைவெளியை மண்ணைத் தள்ளி மூடிவிடுவதுதான் வழக்கம். அந்த இடைவெளி வழியே மேல்மட்டக் கழிவுநீர் நேராக ஆழத்து வெடிப்புக்குள் இறங்கும். பெண்டோனைட் களிமண் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கீழிருந்து மேலாக நிரப்பியிருந்தால் இது நடக்காது. கழிவு மேட்டுக்கு அரை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பாழ்போர்களை முதலில் பட்டியலிடுங்கள். மற்ற கணக்கெல்லாம் அதன் பிறகு.

படி 3: மூன்று கிணறுகளை வைத்துச் சாய்வு பிடிப்பது

தரைச் சாய்வை வைத்து நீரின் திசையை ஊகிப்பது மிகப் பரவலான தவறு. அளந்துதான் ஆக வேண்டும். ஒரே நேர்க்கோட்டில் இல்லாத, ஒரே நீர்த்தாங்கியில் (நீர் நிறைந்த நிலத்தடி அடுக்கில்) ஊறும் மூன்று கிணறுகள் தேவை. ஒன்று ஆழ்போராகவும் இரண்டு திறந்த கிணறாகவும் இருந்தால் வெவ்வேறு தண்ணீரை ஒப்பிட்டதாகிவிடும்.

மோட்டார்கள் குறைந்தது 10, 12 மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு, விடியற்காலையில் மூன்றையும் ஒரே நாளில் அளந்துவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் நின்றிருக்க வேண்டும். கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அதிலிருந்தே அளந்து வாருங்கள். பிறகு மூன்று புள்ளிகளின் உயரத்தையும் ஆட்டோ லெவல் கருவியால் ஒரே ஆதாரத்துக்குக் கொண்டுவாருங்கள். புள்ளியின் உயரத்திலிருந்து நீர்வரை அளந்த ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் வரும். கைப்பேசி காட்டும் உயரம் பல மீட்டர் பிசகும். நீங்கள் தேடும் வித்தியாசமோ ஒன்றிரண்டு மீட்டர்தான், ஆகவே அது உதவாது.

முதல் கிணற்றில் நீர்மட்டம் 98.40, இரண்டாவதில் 97.60, மூன்றாவதில் 96.90 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதலுக்கும் மூன்றுக்கும் இடையே 450 மீட்டர் தூரம், 1.50 மீட்டர் இறக்கம். இரண்டாவது கிணற்றின் மட்டமான 97.60 இந்தக் கோட்டில் எங்கே வரும்? 0.80-ஐ 1.50-ஆல் வகுத்து 450-ஆல் பெருக்கினால், முதல் கிணற்றிலிருந்து 240 மீட்டரில். அந்த இடத்தையும் இரண்டாவது கிணற்றையும் வரைபடத்தில் கோடிட்டு இணையுங்கள். அது சமமட்டக் கோடு. முதல் கிணற்றிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வரைந்தால் அதுவே நீர் போகும் திசை. அந்தச் செங்குத்துத் தூரம் 200 மீட்டர் என்றால், சாய்வு 0.80-ஐ 200-ஆல் வகுத்து வரும் 0.004.

மே மாதம் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறையும் அளக்க வேண்டும். பாலாற்றில் வெள்ளம் வரும் சில வாரங்களுக்கு ஆறு கரைக்கு நீரூட்டும். மற்ற நாட்களில் கரையிலிருந்து ஆற்று மணலுக்கு நீர் வரும். திசை அங்கே தலைகீழாகத் திரும்புகிறது, ஆண்டுக்கு ஒரே அளவை எடுத்தால் இது தெரியாமலே போய்விடும்.

படி 4: வேகம்

பிரான்சின் டிஜோன் நகரத்து நீர் வழங்கலைக் கவனித்த பொறியாளர் ஆன்றி தார்சி, மணல் நிரப்பிய குழாய்களில் சோதனை செய்து 1856-ல் வெளியிட்ட விதியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். நீர்க்கடத்துத்திறனை, அதாவது மண்ணோ பாறையோ எவ்வளவு எளிதாக நீரை ஓடவிடுகிறது என்ற அளவைச் சாய்வால் பெருக்குங்கள். வருவது வேகமல்ல, ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டில் பாயும் நீரின் அளவு. தண்ணீர் மணற்துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் மட்டுமே ஓடுகிறது என்பதால், நீர் ஓடும் துளைப் பங்கால் (மொத்தக் கன அளவில் அந்தத் துளைகளின் பங்கால்) வகுத்தால்தான் உண்மையான வேகம் கிடைக்கும். அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை இந்த வகுத்தலை மறப்பதுதான். மணலில் நான்கு மடங்கு, பாறையில் நூறு மடங்குக்கு மேல் கூடக் கணக்கு தவறிவிடும்.

சாய்வு 0.004, தூரம் 500 மீட்டர் என்று வைத்து மூன்று இடங்களைப் பார்ப்போம். ஆற்று மணலில் கடத்துத்திறன் நாளுக்கு 50 மீட்டர், துளைப் பங்கு 0.25 என்றால் வேகம் நாளுக்கு 0.8 மீட்டர், 625 நாட்கள் ஆகும். சிதைந்த பாறையில் கடத்துத்திறன் நாளுக்கு 1 மீட்டர், துளைப் பங்கு 0.05 என்றால் நாளுக்கு 8 செ.மீ., ஏறக்குறைய 17 ஆண்டுகள். அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறையில் கடத்துத்திறன் 2 மீட்டர், ஆனால் துளைப் பங்கு வெறும் 0.005. வேகம் நாளுக்கு 1.6 மீட்டர், 313 நாட்களில் வந்து நிற்கும். "கீழே பாறைதானே, கழிவு எங்கே போகும்" என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை இந்தக் கடைசி எண் சொல்கிறது. வெடிப்பு நீர் கொஞ்சம்தான், அதனால்தான் விரைவாக ஓடுகிறது. வெடிப்பு போகும் திக்கிலேயே மாசும் போகும், சாய்வின் திசையிலிருந்து பல பாகை விலகவும் கூடும்.

கடத்துத்திறனை நீங்களே அளக்கலாம். 4 அங்குலக் கண்காணிப்புக் குழாயில், தண்ணீர் ஓய்ந்து நிற்கும்போது, ஒரு வாளி நல்ல தண்ணீரைச் சட்டென்று ஊற்றி மட்டம் ஏறியதைக் குறியுங்கள். ஏறிய உயரம் 37 சதவீதமாகக் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். குழாயின் ஆரம் 0.05 மீட்டர், துளையிட்ட பகுதி 3 மீட்டர், தோண்டிய துளையின் ஆரம் 0.075 மீட்டர் என்போம். 3-ஐ 0.075-ஆல் வகுத்தால் 40, அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 3.69. இதை ஆரத்தின் வர்க்கமான 0.0025-ஆல் பெருக்கி, துளையிட்ட நீளத்தின் இருமடங்கான 6-ஆலும் விநாடியாலும் வகுக்க வேண்டும். வருவது விநாடிக்கு மீட்டர் கணக்கு, நாளுக்கு மாற்ற 86,400-ஆல் பெருக்குங்கள். 130 விநாடி ஆனால் நாளுக்கு 1 மீட்டர் வரும். துளையிட்ட நீளம் துளை ஆரத்தைப் போல் 8 மடங்குக்கு மேல் இருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். குழாயின் துளைகள் சேற்றால் அடைந்திருந்தால் விடை தவறாகக் குறைவாக வரும் என்பதால், முதலில் நீரை இறைத்துக் குழாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். குடிநீர்க் கிணற்றில் இதைச் செய்ய வேண்டாம்.

படி 5: எது கூடவே வரும், எது பின்தங்கும்

குளோரைடும் நைட்ரேட்டும் மண்ணில் ஒட்டுவதில்லை, நீரின் வேகமே அவற்றின் வேகம். அறுமதிப்புக் குரோமியம் இரும்பு ஆக்சைடு உள்ள செம்மண்ணில் ஓரளவு ஒட்டும். பி.எச். ஏற ஏற அந்த ஒட்டுதல் குறையும். குரோமேட் கழிவு காரத்தன்மை கொண்டது, ஆகவே கழிவுக்கு அருகில் அது தாராளமாக நகரும்.

பின்தங்கலைக் கணக்கிட ஒட்டுதல் அளவு வேண்டும். ஊர் மண்ணில் 50 கிராம் எடுத்து, லிட்டருக்கு 1.00 மி.கி. குரோமேட் கரைசல் 50 மி.லி. சேர்த்து, ஆய்வகத்தில் 24 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி அளக்கச் சொல்லுங்கள். 0.77 மிஞ்சினால் 0.23 மண்ணில் ஒட்டியிருக்கிறது. 0.23-ஐ 0.77-ஆல் வகுத்தால், கிலோவுக்கு 0.3 லிட்டர். பாடநூல்கள் சொல்வதுபோல் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு கரைசல் எடுத்தால் மிஞ்சுவது 0.94 ஆகிவிடும், அந்தச் சின்ன வித்தியாசம் ஆய்வகப் பிழைக்குள் மறைந்துபோகும். குறைவாக ஒட்டும் பொருளுக்குச் சம எடைதான் சரி.

மண்ணின் அடர்த்தி லிட்டருக்கு 1.6 கிலோ. அதை 0.25-ஆல் வகுத்து, 0.3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.9. வேகத்துக்கு எடுத்த அதே துளைப் பங்கையே இங்கும் போட வேண்டும். ஆக, ஆற்று மணலில் உப்பு 625 நாளில் வரும் இடத்துக்குக் குரோமியம் சுமார் 1,810 நாளில், அதாவது 5 ஆண்டில் வரும்.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் குரோமியமும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் உப்பு முன்னே வரும். குரோமியச் சோதனையில் "இல்லை" என்று வந்த கிணற்றில் குளோரைடு ஏறிக்கொண்டே போனால் அந்தக் கிணறு தப்பிக்கவில்லை, அதன் முறை வரவில்லை. மேலே உள்ள எடுத்துக்காட்டில் மாற்று ஏற்பாட்டுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை வீணாக்குவதுதான் பெரிய இழப்பு.

கழிவில் கரிமப் பொருள் மிகுந்து நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் நிலைமை மாறும். அறுமதிப்பு மும்மதிப்பாகிப் படியும், நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகும். ஆனால் மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளிவரும், இறைத்த தண்ணீர் சற்று நேரத்தில் செந்நிறமாகும்.

படி 6: பரவல்

மாசு ஒரே முகமாக அணிவகுத்து வராது. சில துளைகளில் வேகமாகவும் சிலவற்றில் மெதுவாகவும் ஓடி நீளவாக்கில் சிதறும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் போர்டன் என்ற இடத்து மணலில் 1982-ல் குளோரைடும் புரோமைடும் சில கரிம வேதிப்பொருட்களும் கலந்த நீரைச் செலுத்தி, ஆயிரக்கணக்கான மாதிரிகள் எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். குளோரைடு நாளுக்கு சுமார் 9 செ.மீ. நகர்ந்தது, கார்பன் டெட்ராகுளோரைடு அதன் ஏறக்குறையப் பாதி வேகத்தில் போனது. பக்கவாட்டில் சிதறும் அளவு நீளவாக்கில் சிதறுவதில் பத்தில் ஒன்றுதான். மாசு அகலமாக விரிவதில்லை, ஒடுங்கிய தாரையாக நீளுகிறது. பக்கத்துக் கிணறு தப்பித்த மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. கணக்குக்கு: சிதறல் நீளம் (நீளவாக்கில் எவ்வளவு சிதறும் என்பதைக் குறிக்கும் எண்) 10 மீட்டர் என்று எடுத்தால், மேலே 625 நாள் என்று வந்த இடத்தில் முதல் சுவடு சுமார் 420 நாளிலேயே தெரியும்.

படி 7: மோட்டார் திசையைத் திருப்பும்

விநாடிக்கு 3 லிட்டர் வீதம் 5 மணி நேரம் இறைத்தால் நாளுக்கு 54 கனமீட்டர். கடத்துத்திறன், நீர்த்தாங்கியின் கனம், சாய்வு மூன்றையும் பெருக்கி, இறைக்கும் அளவை அதனால் வகுத்தால் மேல்பக்கத்தில் (நீர் வரும் பக்கத்தில்) கிணறு இழுக்கும் அகலம் கிடைக்கும். அதை 6.28-ஆல் வகுத்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து (நீர் போகும் பக்கத்திலிருந்து) எவ்வளவு தூரம் திருப்பி இழுக்கும் என்பது தெரியும்.

10 மீட்டர் கனமான ஆற்று மணலில் அகலம் 27 மீட்டர், கீழ்ப்பக்க இழுப்பு 4 மீட்டர். 15 மீட்டர் கனமான சிதைந்த பாறையில் அதே இறைப்புக்கு அகலம் 900 மீட்டர், கீழ்ப்பக்க இழுப்பு 143 மீட்டர். பள்ளத்தில் 100 மீட்டர் தள்ளி இருக்கும் கழிவுக் குட்டையைக் கூட அந்த மோட்டார் தன் பக்கம் இழுத்துவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்து இறைத்தால் வரும் எல்லை இது. வெடிப்புகளின் போக்கைப் பொறுத்து வடிவம் மாறும், ஆனால் "கழிவு எங்களுக்குக் கீழேதான் இருக்கிறது, பயமில்லை" என்று பாறைப் பகுதியில் சொல்வதற்கில்லை.

படி 8: மாதிரி எடுப்பது

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள், போரின் வாயிலேயே பிடியுங்கள். குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேற, நிற்கும் நீரின் அளவைப் போல் மூன்று மடங்கு இறைத்துவிட்டு, மின்கடத்துமானி அடுத்தடுத்த மூன்று அளவைகளில் 3 சதவீதத்துக்குள் நிலைத்த பிறகு பிடிக்க வேண்டும். மானியை 1,413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலில் அன்றைக்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த உப்புநீர் கனமானது, கீழே இறங்கும். திறந்த கிணற்றில் மேலாக வாளியில் மொண்டால் அடியில் இருப்பது தெரியாது, அடிமட்டத்திலும் ஒரு மாதிரி எடுங்கள்.

பாட்டில்களைக் கலக்கக்கூடாது. மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அறுமதிப்புக்கு அமிலம் விட்டால் அது மும்மதிப்பாக மாறிவிடலாம். அதை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். கழிவுக்கு மேல்பக்கத்தில் ஒரு கிணற்றையும் கட்டாயம் சேருங்கள். இந்த வட்டாரப் பாறைநீரில் இயற்கையாகவே உப்பும் ஃபுளோரைடும் உண்டு. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் "அது இயற்கை" என்ற ஒரே வாதத்தில் உங்கள் எண்கள் அடிபட்டுப்போகும்.

இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி., நைட்ரேட் 45, குளோரைடு 250, வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை. குரோமேட்டின் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதற்குள் குரோமியம் இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

கழிவை நிறுத்திய பிறகு

கழிவு மேட்டை அகற்றினாலும் கிணறு உடனே தேறாது. மாசு வெடிப்பில் ஓடிய ஆண்டுகளில் பக்கத்துப் பாறைத் துளைகளுக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் ஊறியிருக்கும். வெடிப்பில் நல்ல நீர் வந்ததும் அது மெல்லத் திரும்பி வெளியே கசியும். பல ஆண்டு ஊறியது வெளியேற அதைவிட அதிக காலம் பிடிக்கும். இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டத்தில் அளவு விரைவாக இறங்கி, பிறகு ஒரு மட்டத்தில் இழுத்துக்கொண்டே நிற்பது இதனால்தான். "சுத்தமாகிவிட்டது" என்று யாராவது அறிக்கை கொடுத்தால், மோட்டார்களை நிறுத்தி சில மாதங்கள் கழித்து, ஒரு பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் மறுபடி மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். நிறுத்தியதும் எண் மறுபடி ஏறினால் பாறைக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கிணறுகளில் மின்கடத்தும் திறனை மாதம் ஒருமுறையும் குளோரைடையும் குரோமியத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அளந்து, தேதி, நீர்மட்டம், கடைசியாக மோட்டார் ஓடிய நேரம் மூன்றோடும் சேர்த்து எழுதி வாருங்கள்.